யாருக்குப் பக்கத்தில் யார்? இளம் ஐஸ் ஹாக்கி அணியின் தடுப்பாட்ட வரிசை

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல் போட்டிகளைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் காதில் சீக்கிரமே விழும் சொல் 'ரீபில்ட்'. அணிக்கு வயதாகிவிட்டது, கோப்பைக்கு வாய்ப்பில்லை என்று நிர்வாகம் முடிவுக்கு வந்ததும், நல்ல விலை போகும் மூத்த ஆட்டக்காரர்களை மற்ற அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இளைஞர்களையும் டிராஃப்ட் உரிமைகளையும் வாங்கிச் சேர்க்கும். டிராஃப்ட் என்பது 18 வயதை ஒட்டிய இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திர நிகழ்ச்சி. இப்படி இரண்டு மூன்று வருடம் தோற்றுக்கொண்டே ஆள் சேர்ப்பதைத்தான் ரீபில்ட் என்கிறார்கள்.

அந்தக் காலத்தில் அமைக்கக் கஷ்டமானது தடுப்பாட்ட வரிசை. கோல் அடிக்கிற இளைஞன் ஒருவன் கிடைத்துவிட்டால் முதல் வருடத்திலேயே அவனை இறக்கிவிடலாம். தடுப்பாட்டத்தில் அந்த அவசரம் செல்லாது. திறமையான ஆறு பேரைத் தேடிப் பிடித்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. யாருக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துகிறோம், யார் எத்தனை நிமிடம் ஆடுகிறார், தவறு செய்ய யாருக்கு எங்கே இடம் கொடுக்கிறோம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள 2022 முதல் 2025 வரையிலான மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அடிப்படை. பனித்தளத்தில் ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர்: கோல்கீப்பர், மூன்று முன்கள ஆட்டக்காரர்கள், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள். ஒரு போட்டிக்கு 20 பேர் உடையணிந்து வருவார்கள். பொதுவாக அதில் ஆறு பேர் தடுப்பாட்டக்காரர்கள், அதாவது மூன்று ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் முக்கால் நிமிடம் போல ஆடிவிட்டு, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சுக்குத் திரும்பும், அடுத்த ஜோடி இறங்கும். 60 நிமிட ஆட்டத்தில் முதல் ஜோடிக்கு ஏறக்குறைய 24 நிமிடம், இரண்டாவதுக்கு 20, மூன்றாவதுக்கு 16 என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பங்கீட்டை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தடுப்பாட்டக்காரர் என்றதும் கோல் முன்னால் சுவர் மாதிரி நிற்கும் பெரிய உருவம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இன்றைய ஆட்டத்தில் அவருடைய முக்கிய வேலை வேறு. எதிரணி பக்கை, அதாவது பனியில் வழுக்கும் ரப்பர் வட்டை, நம் கோல் பக்கத்து மூலைக்குள் அடித்துவிட்டுத் துரத்தி வருகிறது. நம் ஆள் திரும்பி, முதுகை எதிராளிக்குக் காட்டிக்கொண்டு, மூலையை நோக்கிப் பாய்கிறார். பக்கைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை, சில சமயம் இரண்டு தடவை, தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறார். பின்னால் வருவது ஒருவரா இருவரா, எந்தப் பக்கமாக வருகிறார்கள், தன் ஜோடி கோலுக்குப் பின்னால் வந்துவிட்டாரா, சுவரோரம் தன் முன்கள ஆள் நிற்கிறாரா என்பதையெல்லாம் அந்தப் பார்வையிலேயே கணக்குப் போட வேண்டும். பக் மட்டையில் பட்ட ஒரு நொடிக்குள் அடுத்த பாஸ் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் நல்ல எடையுள்ள ஒருவர் அவரைச் சுவரோடு சேர்த்து மோதிவிட்டு, பக்கைக் கோல் முன்னால் தள்ளிவிடுவார்.

இளம் தடுப்பாட்டக்காரர் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். வேகம் இருக்கும், கைத்திறன் இருக்கும், ஆனால் அந்தத் தோள் பார்வையில் என்ன பார்க்க வேண்டும் என்பது ஆடி ஆடித்தான் வரும். முன்களத்தில் ஒருவர் பக்கை இழந்தால் அவருக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். தடுப்பாட்டக்காரர் இழந்தால் பல நேரம் கோல்கீப்பர் மட்டும்தான். ஒரே அளவு தவறு, ஆனால் தண்டனை வேறு. என்ஹெச்எல்லில் 200, 300 போட்டிகள் ஆடிய பிறகுதான் ஒரு தடுப்பாட்டக்காரரின் உண்மையான தரம் தெரியும் என்று ஹாக்கி வட்டாரத்தில் சொல்வதற்குக் காரணம் இதுதான். 2025-26 வரை ஒரு சீசனுக்கு 82 போட்டி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்றரை வருடம் ஆகிறது.

சரி, மான்ட்ரியலுக்கு வருவோம். 2021இல் இந்த அணி என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்று வரை போய், தாம்பா பே அணியிடம் ஐந்து போட்டிகளில் தோற்றது. அதற்குப் பிறகு கேப்டன் ஷே வெபர் காயங்களால் ஆட வரவே இல்லை. அடுத்த சீசனில் அணி 55 புள்ளிகளோடு 32 அணிகளில் கடைசி இடம் பிடித்தது. வாங்கிய கோல்கள் 319. 2022 ஜனவரியில் கென்ட் ஹியூஸ் பொது மேலாளராக வந்தார். பிப்ரவரியில் மார்ட்டன் சன் லூயி பயிற்சியாளரானார். அப்புறம் வியாபாரம் தொடங்கியது.

அந்த மார்ச்சில் தடுப்பாட்டக்காரர் பென் சியரட் ஃபுளோரிடாவுக்குப் போனார், பதிலுக்கு ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமையும் வேறு சிலவும் வந்தன. பிரெட் கூலாக் எட்மன்டனுக்குப் போனார். அதில் கிடைத்த இரண்டாம் சுற்று உரிமையை வைத்து, 2022 டிராஃப்டின் 62ஆவது ஆளாக லேன் ஹட்சன் என்ற சின்ன உருவப் பையனை எடுத்தார்கள். அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை. ஜூலையில் அலெக்சாண்டர் ரோமனோவ் நியூயார்க் ஐலண்டர்ஸுக்கும், ஜெஃப் பெட்ரி பிட்ஸ்பர்க்குக்கும் போனார்கள். பெட்ரிக்குப் பதிலாக மைக் மாத்தசன் வந்தார், மான்ட்ரியல் தீவிலேயே பிறந்தவர், அப்போது வயது 28.

ஆக, ஒரே வருடத்தில் வரிசை ஏறக்குறைய காலி. போதாக்குறைக்கு 2022 அக்டோபரில் சீசன் தொடங்கும்போது மாத்தசனும் மூத்தவரான ஜோயல் எட்மன்சனும் காயத்தில். கெய்டன் கூலி, ஆர்பர் ஜெக்காய், ஜோர்டன் ஹாரிஸ் என்று அனுபவமே இல்லாத இளைஞர்களை இறக்க வேண்டியதாயிற்று. கூலி 2020 டிராஃப்டில் 16ஆவதாக எடுக்கப்பட்டவர். ஹாரிஸ் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியிலிருந்து அந்த வசந்த காலத்தில்தான் வந்திருந்தார். ஜெக்காயை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவே இல்லை. கொரோனா காலத்தில் காஸ்ட்கோ கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

இந்தப் பையன்களை எப்படி நிறுத்துவது? இங்கேதான் டேவிட் சவார் வருகிறார். 2021இல் தாம்பா பேயோடு கோப்பை வென்றவர், வென்ற கையோடு தோற்ற அணியான மான்ட்ரியலுக்கு நான்கு வருட ஒப்பந்தத்தில் வந்துவிட்டார். வேகம் குறைவு, புள்ளிகளும் (ஓர் ஆட்டக்காரர் அடித்த கோல்களும், கோலுக்குக் கொடுத்த பாஸ்களான அசிஸ்ட்களும் சேர்ந்த கணக்கு) குறைவு. ஆனால் எதிரணி அடிக்கும் பக்குக்கு உடம்பைக் கொடுத்துத் தடுப்பார், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பார், என்ன செய்யப்போகிறார் என்பது பக்கத்தில் நிற்பவருக்கு எப்போதும் தெரியும். அந்தத் தொடக்க வாரங்களில் கூலியை இவரோடு ஜோடி சேர்த்து, எதிரணியின் முதல்தர ஆட்டக்காரர்களுக்கு எதிராகவே இறக்கினார்கள்.

இளம் ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் நிற்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், திறமைசாலியாக இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முன்கூட்டியே ஊகிக்க முடிந்தவராக இருக்க வேண்டும். வண்டி ஓட்டப் பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் பதறாத ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் போல. பையன் முன்னேறிப் போனால் இவர் தானாகப் பின்வாங்குவார். பையன் மூலையில் மாட்டிக்கொண்டால் கோலுக்குப் பின்னால் வந்து நின்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் சாதாரண விஷயம் இல்லை. முதுகைக் காட்டிப் பாய்கிறவருக்கு ஜோடியின் குரல்தான் பின்னாலிருக்கும் கண். 'நேரம் இருக்கு', 'ஆள் வர்றான்', 'இந்தப் பக்கம் கொடு' என்று தளத்தில் கத்திக்கொண்டே இருப்பார்கள். டிவியில் கேட்காது, அரங்கில் கீழ் வரிசையில் உட்கார்ந்தால் கேட்கும்.

இரண்டு இளைஞர்களை ஒரே ஜோடியாகப் போட்டால் என்ன ஆகும்? சில இரவுகள் அற்புதமாக இருக்கும். மற்ற இரவுகளில் இருவரும் ஒரே ஆளைத் துரத்திப் போய், கோல் முன்னால் ஒருவரும் இல்லாமல் போகும். ஆட்டத்தில் தோற்பதை விட அந்த இருவரும் தயங்க ஆரம்பிப்பதுதான் இதில் பெரிய நஷ்டம். தயங்குகிற தடுப்பாட்டக்காரர் பக்கைக் கண்ணாடிச் சுவரில் அடித்து வெளியே தள்ளிவிட்டு மூச்சு விடுவார். அது பழக்கமாகிவிட்டால் மாற்றுவது கஷ்டம்.

<b>எந்தக் கை என்ற பிரச்சினை</b>

புதிதாகப் பார்க்கிறவர்கள் பொதுவாகக் கவனிக்காத, ஆனால் மேலாளர்கள் தூக்கம் கெடுகிற விஷயம் இது. ஹாக்கி ஆட்டக்காரர் மட்டையை உடம்பின் இடப்பக்கம் பிடிப்பார் அல்லது வலப்பக்கம் பிடிப்பார். இடப்பக்கம் பிடிப்பவரை இடக்கை ஆட்டக்காரர் என்பார்கள். அவர் தளத்தின் இடப்பக்கம் நின்றால், சுவரை ஒட்டி வரும் பக் மட்டையின் முன்பக்கத்துக்கே வரும். எடுத்தவுடன் அடிக்கலாம். அவரையே வலப்பக்கம் நிறுத்தினால் அதே பக் பேக்ஹேண்டில், அதாவது மட்டையின் பின்பக்கத்துக்கு, வந்து சேரும். பேக்ஹேண்டில் வாங்கி, உடம்பைத் திருப்பி, பிறகு பாஸ் கொடுப்பதற்கு அரை நொடி கூடுதலாகப் பிடிக்கும். மூலைக் காட்சியில் ஒரு நொடிக்குள் பாஸ் போக வேண்டும் என்றேன் அல்லவா? அந்த ஒரு நொடியில் பாதி போய்விட்டது.

என்ஹெச்எல் தடுப்பாட்டக்காரர்களில் பெரும்பான்மை இடக்கைக்காரர்கள். அதனால் நல்ல வலக்கைக்காரர்களுக்குத் தட்டுப்பாடு, விலையும் அதிகம். மான்ட்ரியலுக்கு இது தலைவலியாகவே இருந்தது. மாத்தசன், கூலி, ஜெக்காய், ஹாரிஸ், பின்னால் வந்த ஜேடன் ஸ்ட்ரூபிள், ஹட்சன் எல்லோருமே இடக்கை. வலப்பக்கத்தில் சவார், 2022 அக்டோபரில் வின்னிபெக் விட்டுவிட்டபோது செலவில்லாமல் எடுத்துக்கொண்ட ஜொனாதன் கொவாச்செவிச், ஜஸ்டின் பேரன் என்று சிலர்தான். 2023-24இல் கூலியையே எதிர்ப்பக்கமான வலப்பக்கத்தில், மாத்தசனோடு ஜோடியாக ஆடவைத்தார்கள். நன்றாகத்தான் சமாளித்தார். ஆனால் ஓர் இளைஞருக்குப் பழகாத பக்கத்தையும் முதல்தர எதிரிகளையும் ஒன்றாகக் கொடுப்பது கடினமான பாடத்திட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பஃபலோ சேபர்ஸைப் பாருங்கள். 2018இல் ராஸ்மஸ் டாலின், 2021இல் ஓவன் பவர் என்று டிராஃப்டின் முதல் ஆளாகவே இரண்டு தடுப்பாட்டக்காரர்களை எடுத்தது. 2024இல் போவன் பைரமையும் வாங்கியது. மூவரும் நல்ல திறமைசாலிகள், மூவரும் இடக்கை. 2024-25 வரை தொடர்ந்து 14 சீசன்கள் அந்த அணி பிளேஆஃபுக்குள், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளுக்குள், நுழையவில்லை. அதற்குக் கை மட்டும் காரணம் என்று சொல்வது அநியாயம். ஆனால் உயர்ந்த தேர்வுகளைக் குவிப்பதும் வரிசை அமைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

<b>தவறு செய்ய இடம்</b>

பயிற்சியாளர் கையில் சில கருவிகள் இருக்கின்றன. ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது, சொந்த அரங்கில் ஆடுகிற அணிக்குக் கடைசியாக ஆள் மாற்றும் உரிமை உண்டு. எதிரணி யாரை இறக்குகிறது என்று பார்த்துவிட்டு நம் ஜோடியை அனுப்பலாம். அனுபவமில்லாத மூன்றாவது ஜோடியை எதிரணியின் நான்காவது, அதாவது பலம் குறைந்த, முன்கள வரிசைக்கு எதிராக அனுப்பலாம். ஃபேஸ்ஆஃப், அதாவது இருவருக்கு நடுவே பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது, எதிரணியின் எல்லையில் நடக்கும்போது இளைஞர்களை இறக்கலாம், நம் கோல் பக்கத்தில் நடக்கும்போது மூத்தவர்களை இறக்கலாம். வெளியூர் ஆட்டத்தில் இந்த வசதி கிடையாது, அங்கே இளம் அணிகள் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாத்தசன் செய்த பெரிய உதவியை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். 2023-24இல் அவர் ஒரு போட்டிக்குச் சராசரியாக 25 நிமிடங்களுக்கு மேல் ஆடினார், 62 புள்ளிகளும் எடுத்தார். அவர் செய்த பிழைகளுக்கு ரசிகர்கள் அவரை ஏசியதும் உண்டு. ஆனால் ஒருவர் 25 நிமிடத்தைச் சுமந்தால்தான் மற்ற இளைஞர்கள் 16, 18 நிமிடத்தில் மெல்ல வளர முடியும். அந்த நிமிடங்கள் எங்கேயாவது போயாக வேண்டும். சுமக்க ஆள் இல்லாவிட்டால் 20 வயதுப் பையன் தலையில்தான் விழும்.

இன்னொரு கருவி இரண்டாம்நிலை அணி. ஏஹெச்எல் லீகில் ஆடும் லவால் ராக்கெட் அணி மான்ட்ரியலுடையது, நகரத்தை ஒட்டியே இருக்கிறது. முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் இளைஞர்களை மேலும் கீழும் சுலபமாக மாற்றலாம். வயதும் ஆட்டங்களும் ஒரு வரம்பைத் தாண்டினால், கீழே அனுப்புவதற்கு முன் 'வேய்வர்ஸ்' என்ற பட்டியலில் போட வேண்டும், வேறு எந்த அணியும் அவரை எடுத்துக்கொண்டு போய்விடலாம். கொவாச்செவிச் மான்ட்ரியலுக்கு வந்தது இப்படித்தான். அதனால் அந்தச் சுதந்திரம் இருக்கும் வருடங்களிலேயே இளைஞர்களை லவாலுக்கு அனுப்புவது புத்திசாலித்தனம். 2023-24இல் ஜெக்காயும் கொஞ்ச காலம் அங்கே போனார். மேலே பெஞ்சில் உட்கார்ந்து 12 நிமிடம் ஆடுவதை விடக் கீழே 22 நிமிடம் ஆடி, பெனால்டியால் ஆள் குறைந்த நேரத்திலும் இறங்கிப் பழகுவது ஒரு தடுப்பாட்டக்காரருக்கு நல்லது. இதைத் தண்டனையாக நினைக்கும் ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே மருந்து இல்லை என்பதற்கு ஹட்சன். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். ஆறடிக்கு மேற்பட்டவர்கள் நிறைந்த வேலையில் இவர் குள்ளம். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு, 2023-24 கடைசியில் இரண்டே போட்டிகள் ஆடி, அடுத்த சீசன் முழுதும் மேலேயே இருந்தார். 82 போட்டிகளில் 66 புள்ளிகள், அதில் 60 அசிஸ்ட். முதல் சீசன் தடுப்பாட்டக்காரர்களில் லாரி மர்ஃபி 1980-81இல் வைத்த அசிஸ்ட் சாதனையைச் சமன் செய்து, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதையும் வாங்கினார். எதிரணியின் எல்லை தொடங்கும் நீலக் கோட்டில் நின்று இடுப்பை ஒரு பக்கம் அசைத்து, எதிராளி அந்தப் பக்கம் சாய்ந்ததும் மறுபக்கம் வழுக்கிப் போகும் அந்த அசைவைப் பார்த்தால், இவரை லவாலில் வைத்து என்ன கற்றுக்கொடுப்பது என்றுதான் தோன்றும். அந்த அசைவு தப்பினால் எதிரணிக்குத் திறந்த பாதை என்பதும் உண்மை. அந்த சீசனின் தொடக்கத்தில் அப்படிச் சில கோல்கள் போயின. அதற்காக அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து அடக்காமல் விட்டார் பயிற்சியாளர். என் பார்வையில் அவர் எடுத்த நல்ல முடிவுகளில் இது முக்கியமானது.

ஆனால் ஆறு ஹட்சன்கள் இருந்தால் அணி தேறாது. முன்னேறிப் போகிறவர் ஒருவர் என்றால் பின்னால் நிற்கிறவர் ஒருவர் வேண்டும். பெனால்டி நேரத்தில் ஆள் குறைவாக ஆடும்போது கோல் முன்னால் உடம்பைக் கொடுக்கும் கூலி போன்றவர்கள் வேண்டும். எதிரணி முரட்டுத்தனம் காட்டினால் பதில் சொல்லும் ஜெக்காயும் வேண்டும். முதல் சீசனில் 51 போட்டிகளில் 101 பெனால்டி நிமிடம் வாங்கியவர் அவர்.

2024 டிசம்பரில் ஹியூஸ் செய்த ஒரு சின்ன மாற்றம் எனக்குப் பிடித்த பாடம். 23 வயது பேரனை நாஷ்வில்லுக்குக் கொடுத்துவிட்டு, 28 வயது அலெக்சாந்த்ர் கரியேவை வாங்கினார். இருவரும் வலக்கை. டிராஃப்டில் பேரன் முதல் சுற்று ஆள், வளர இடமிருக்கிறவர். கரியே புள்ளி எடுப்பதில் பெரிய ஆள் அல்ல, பக்கை அமைதியாக வெளியே கொண்டுவருவார், அவ்வளவுதான். ரீபில்ட் அணி இளையவரைக் கொடுத்து மூத்தவரை வாங்கலாமா என்று கேள்வி எழுந்தது. ஆனால் இடப்பக்கத்தில் வரிசையாக நிற்கும் இளைஞர்களுக்கு வலப்பக்கம் ஒரு நிதானமான ஜோடி தேவைப்பட்டது. அந்த மாதக் கடைசியிலிருந்து அணி நிமிர ஆரம்பித்தது. கரியே மட்டும் காரணமல்ல, அவரும் ஒரு காரணம். சீசன் முடிவில் 91 புள்ளிகளோடு பிளேஆஃபுக்குள் நுழைந்து, முதல் சுற்றில் வாஷிங்டனிடம் தோற்றது.

வாங்கிய கோல் கணக்கு எவ்வளவு மெதுவாக இறங்கியது என்று பாருங்கள்: 2021-22இல் 319, பிறகு 307, 289, 265. ஒரே பாய்ச்சலில் குறைந்த வருடம் எதுவும் இல்லை. இதில் கோல்கீப்பர் சாம் மாண்டம்போவுக்கும், பின்னால் ஓடிவந்து உதவும் கேப்டன் நிக் சுசுகி போன்ற முன்கள ஆட்டக்காரர்களுக்கும் பங்கு உண்டு. தடுப்பாட்டம் என்பது ஆறு பேர் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மூத்தவர்களை எப்போது விற்பது என்பது தனிக் கேள்வி. சியரட்டை விற்றது சரி, எட்மன்சனை 2023 கோடையில் விட்டதும் சரி. சவாரை மட்டும் ஒப்பந்தம் முடியும் வரை வைத்துக்கொண்டார்கள், 2025இல் அவர் மான்ட்ரியல் ஆட்டக்காரராகவே ஓய்வு பெற்றார். வருடாவருடம் மார்ச்சில் அவரை விற்றால் ஒரு டிராஃப்ட் உரிமை கிடைக்குமே என்று எழுதியவர்கள் உண்டு. அந்த உரிமையில் வரும் பையன் தயாராக ஐந்து வருடம் ஆகும். கூலியும் மற்றவர்களும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது அப்போதே.

வரிசை அமைக்கும் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை, அணி எதைக் கொடுத்து எதை வாங்குகிறது என்பதிலிருந்தே ஊகிக்கலாம். 2022இல் மான்ட்ரியல் தடுப்பாட்டக்காரர்களைக் கொடுத்து டிராஃப்ட் உரிமைகளை வாங்கியது. 2025 ஜூனில் அப்படியே தலைகீழ்: இரண்டு முதல் சுற்று உரிமைகளையும் எமில் ஹைனமன் என்ற முன்கள ஆட்டக்காரரையும் கொடுத்து, ஐலண்டர்ஸிடமிருந்து 25 வயது வலக்கைக்காரர் நோவா டாப்சனை வாங்கியது. எட்டு வருட ஒப்பந்தம், வருடத்துக்குச் சராசரியாக 95 லட்சம் டாலர். ஓர் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு 9.55 கோடி டாலராக இருந்த 2025-26 சீசனில் பத்தில் ஒரு பங்கு ஒரே ஆளுக்கு. சில நாள் கழித்து, வலப்பக்கத்துக்கென்றே வளர்த்த லோகன் மையூவை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்து, ஸாக் போல்டக் என்ற இளம் முன்கள ஆட்டக்காரரை வாங்கினார்கள். மூன்று வருடத்துக்கு முன் தடுப்பாட்டத்தில் ஆளே இல்லாமல் நின்ற அணி, கையில் மிஞ்சிய தடுப்பாட்டக்காரரைக் கொடுத்து வேறு குறையை அடைத்துக்கொண்டது.